ரமாபாய்க்கு ஒரு மணி நேரம் போதும்

வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு, "லைட்ட அணை" என்கிறார் ரமாபாய். அணைக்கிறார்கள். டி.வி.யையும் அணைக்கச் சொல்கிறார். பட்டப்பகலிலேயே அரை இருட்டாகிவிடும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வீட்டார் எல்லோரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல ஒதுங்கி நிற்க, அவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, எதிர்ச் சுவரில் ஓர் இடத்தைக் கோணி ஊசியால் சுட்டிக் காட்டுகிறார்.

"கண்ணு மொதல்ல அங்கதான் போவுது. அங்க மட்டும் கட்டு, போதும். மீதி வூட்ட அப்டியே வுட்டுடு."

அந்த ஊசி எப்போதும் அவர் கொண்டையில்தான் செருகியிருக்கும். திருவொற்றியூரில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கொட்டகை ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிகளின் கிழிந்த தார்ப்பாய்களுக்கு ஒட்டுப் போட்டு, ஓரம் மடித்துத் தைத்து, கயிறு கோக்க வளையம் அடித்துக் கொடுப்பார். விரல்கள் காய்ப்பேறிக் கிடக்கும். அந்த விரல்கள்தான் பண்டிகைக் காலத்தில் ராயபுரத்திலிருக்கும் எங்கள் வாரியக் குடியிருப்பின் மூன்று கட்டடங்களையும் ஆள்கின்றன. கிறிஸ்துமஸ், பொங்கல், தீபாவளி, புத்த பூர்ணிமா எதுவானாலும் சரி. புளியந்தோப்பில் ஒரு பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் பண்டிகையில் உங்களுக்கு என்ன இத்தனை அக்கறை என்று ஒருத்தி கேட்டதற்கு, "சாமி உன்னுது, செவுரு என்னுது" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

இடம் முடிவானதும் அடுத்த கேள்வி, "வூட்ல இன்னா கீது?" பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பரணை அவரே துழாவுவார். கல்யாணச் சீரில் வந்து பத்து வருடமாகத் தூங்கும் எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கி, தேய்க்கக் கொடுத்து, சுவரோரமாகச் சாய்த்து, முன்னால் நாலு அகல் ஏற்றுவார். தாம்பாளத்தின் பளபளப்பில் நாலு விளக்கு எட்டாகிவிடும். நைந்துபோன பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையை மட்டும் வெட்டித் திரைச்சீலைக் கம்பியில் சுற்றுவார். காசிமேட்டில் கழித்துப் போட்ட நீல வலையை ஜன்னல் கம்பியில் விரித்து, கண்ணுக்குக் கண் பூவரச இலையைக் காம்போடு செருகுவார். மாவிலைக்கு அலைய வேண்டாம், பூவரசு தெருவுக்குத் தெரு நிற்கிறது என்பது அவர் வாதம். கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை, மணல் நிரப்பிய பெயிண்ட் வாளி, வாளியைச் சுற்றி ஒரு சாக்கு. அவ்வளவுதான். கடைக்குப் போகிற வேலையே கிடையாது.

ஆணியும் கிடையாது. எங்கள் கட்டடத்தில் ஓர் ஆணி அடித்தால் ஒரு கை காரை உதிரும். ரமாபாய் ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், கதவுக் கொக்கி என்று பிடிப்பு கண்டுபிடித்துத் தார்ப்பாய்க் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போடுவார். புயல் அடித்தாலும் அசையாது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு முடிச்சாவது போட வேண்டும் என்பது சட்டம். போட மறுத்த ஒரு மருமகனை, முடிச்சுப் போடும் வரை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை.

சொந்தக்காரர்கள் மணலியிலும் காத்திவாக்கத்திலும் இருப்பதால் அங்கேயும் அழைப்பு வரும். ஊருக்கு ஏற்ற மாதிரி அவர் சட்டம் மாறும். "மணலில வெள்ளத் தாளு கட்டாத. மூணாம் நாளு கலீஜாப் பூடும்" என்பார். ஆலைப் புகைக்குத் தப்ப, ஈரத் துணியால் துடைக்க முடிகிற பளபளப்புச் சாமான் மட்டும்தான் அங்கே. காத்திவாக்கத்தில் உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும் என்று எல்லாம் நூல்தான். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் தாளில் நாலைந்து சின்ன ஓட்டை போட்டுவிடுவார். காற்று புகுந்து போக வழி விட்டால் தாள் கிழியாது என்பது தார்ப்பாய் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் கண்ணாடிச் சாமானுக்குத் தடை. கன்டெய்னர் லாரி போனால் அந்த வீடுகளில் தண்ணீர்ச் செம்பே ஆடும்.

நானும் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாரிமுனையில் பார்த்து ஆசைப்பட்டுப் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஆறு முழம் வாங்கி வந்து வாசலில் தொங்கவிட்டிருந்தேன். ரமாபாய் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இத்த எத்தினி நாளிக்கி ஒருவாட்டி தொவைப்ப, நைனா?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். மறுநாள் சரத்தைக் காணோம். நானேதான் கழற்றினேன் என்று எழுதிக்கொள்கிறேன், மானம் காப்பாற்றப்பட வேண்டும் அல்லவா?

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. பலூனைக் கண்டால் ஆகாது. அடுத்த கட்டடத்தில் யாராவது தனக்குத் தெரியாமல் சீரியல் விளக்குப் போட்டுவிட்டால், இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்த்துக் கொட்டாவி விடுவார். வேலை முடியாமல் டீ குடிக்க மாட்டார். உள்ளே நுழையும்போது கடிகாரத்தைப் பார்ப்பார், முடித்து இறங்கும்போது மறுபடி பார்ப்பார். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய வீடு இதுவரை இல்லை என்பது அவர் பெருமை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர் கணவர் கிருஷ்ணப்பன், "நம்ம வூட்டு வேலைய மட்டும் பத்து வருஷமா சொல்லிகினு கீறேன்" என்று மெல்ல முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிப்பட்ட ரமாபாய் போன டிசம்பரில் ஒரு தப்பு செய்தார்.

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அடைக்கலமேரியும் அவர் மாமியார் சிலுவையம்மாளும் இருக்கிறார்கள். மேரியின் கணவர் லூர்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அக்டோபர் காற்றில் படகு கவிழ்ந்தது. ஐந்து பேர் கரை சேர்ந்தார்கள். லூர்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தேடல் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் பண்டிகை கிடையாது. நட்சத்திரம் தொங்கவிட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் செய்து தட்டில் வைத்து மூடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மதம் பார்க்காமல் எல்லோரும் செய்கிற மரியாதை இது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ரமாபாய் அச்சு முறுக்கு சுட்டார். புதுத் துணியால் தட்டை மூடினார். எப்போதும் போல யாரையும் எதையும் கேட்காமல் இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

கதவைத் திறந்தவர் சிலுவையம்மாள். தட்டைப் பார்த்தார். மேலே மூடியிருந்த துணியைப் பார்த்தார். "யாரு செத்த வூடுன்னு எடுத்தாந்த?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அப்போது மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். ரமாபாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் தட்டு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். என்னைக் கண்டதும் வழிவிட ஒதுங்கினார். "எத்தினி வூட்ட நின்னு பாத்துட்டு உள்ள போயிருப்பேன். இந்த வூட்ட மட்டும் பாக்காமப் பூட்டேன், நைனா" என்றார். அந்தக் குரலைக் கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் கட்டடத்து நட்சத்திரங்கள் கோணலும் மாணலுமாகத் தொங்கின. நாலாம் நாள் அடைக்கலமேரியே ரமாபாய் வீட்டுக்கு இறங்கி வந்தார். முதலில் மாமியாருக்காக மன்னிப்புக் கேட்டார். அப்புறம் தன் கஷ்டத்தைச் சொன்னார். வாசலில் நட்சத்திரம் தொங்கினால், புருஷன் கடலில் கிடக்க இவளுக்குக் கொண்டாட்டம் கேட்கிறதா என்று ஊர் பேசும். தொங்காவிட்டால் லூர்து இல்லை என்று தானே வாயால் சொன்ன மாதிரி. மாமியார் தினமும் காலையில் எழுந்ததும் வாசலைப் பார்க்கிறார். மருமகளோடு பேசிப் பத்து நாளாகிறது.

"கட்னாலும் தப்பு, கட்லன்னாலும் தப்பு. நான் இன்னாக்கா செய்யறது?" என்று கேட்டார் மேரி.

எந்த வீட்டுக்கும் கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் பதில் வைத்திருக்கும் ரமாபாய் அன்று எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். கொண்டை ஊசியை எடுத்தார், மறுபடி செருகினார். "ஞாயித்துக்கெழம வர்றேன், போ" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு மதியம் ஒரு கட்டு மூங்கில் குச்சியும் கலர்த் தாளும் நூலுமாகப் போனார். உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசற்கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, வழியில் போகிறவர்கள் கண்ணில் படும்படி நடு அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மேரியை மைதாவில் பசை காய்ச்சச் சொன்னார். மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த சிலுவையம்மாளிடம் ஒரு மூங்கில் குச்சியை நீட்டி, "இத்தக் கொஞ்சம் புடிம்மா, என்னாண்ட ரெண்டு கைதான் கீது" என்றார். சிலுவையம்மாள் சற்று நேரம் அந்தக் குச்சியையே பார்த்தார். பிறகு நகர்ந்து வந்து பிடித்தார்.

சாயங்காலம் வரை ஆகியும் நட்சத்திரத்தின் ஒரு கால்கூட முடியவில்லை. ஒட்டிய தாளை, சுருக்கம் விழுந்துவிட்டது என்று சொல்லி ரமாபாயே பிரித்தார். கிளம்பும்போது சொன்னார்: "இது பெரிய வேலம்மா. இன்னிக்கி முடியாது. நாளிக்கி வர்றேன்."

நான் அசந்துபோனேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. படியிறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கட்டி முடித்த நட்சத்திரம் ஒன்றைச் சொல்லும், கட்டாத வாசல் இன்னொன்றைச் சொல்லும். கட்டிக்கொண்டே இருக்கிற நட்சத்திரத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மறுநாள் தார்ப்பாய்க் கொட்டகையிலிருந்து நேரே அங்கேதான் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. குச்சியை ஒருத்தர் பிடித்தால்தான் இன்னொருத்தர் ஒட்ட முடியும். அதனால் மாமியாரும் மருமகளும் "இப்டி புடி", "அப்டி திருப்பு" என்றாவது பேச வேண்டி வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு பெண் இழுத்தாற்போல, "இன்னா, ஸ்டார் போடலியா?" என்று கேட்டாள். சிலுவையம்மாள் தலை நிமிராமலே, "கண்ணு தெர்ல? கட்டிகினுதான கீறோம்" என்றார். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் தட்டு கொண்டுவரவில்லை, யாரும் புறம் பேசவும் இல்லை. ரமாபாய் செய்ததிலேயே அழகான அலங்காரம் அதுதான் என்று நான் சொல்வேன். அவரிடம் சொன்னால் திட்டுவார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மற்ற வாசல்களின் நட்சத்திரங்கள் பரணுக்கு ஏறின. பொங்கலுக்கு ரமாபாய் பதினேழு வீடுகளைப் பதினேழு மணி நேரத்துக்குள் முடித்தார். பழைய அலட்டல் எல்லாம் திரும்பிவிட்டது. எந்த வீட்டில் இருந்தாலும் பொழுது சாயும் முன்பு மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறிவிடுவார்.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் நானும் கூடப் போயிருந்தேன். நட்சத்திரத்தின் நாலு கால்களுக்குத் தாள் ஒட்டியாகிவிட்டது. ஐந்தாவது காலில் வெறும் மூங்கில் தெரிந்தது. சிலுவையம்மாள் குச்சியைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். ஒரு தாள்தான் பாக்கி. அடைக்கலமேரி அதை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டே, ரமாபாயை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"நாளிக்கி முடிஞ்சிடுமாக்கா?"

ரமாபாய் எழுந்தார். அடுப்படியில் கிடந்த துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொண்டு வந்தார். காய்ந்துவிடாமல் இருக்க, அதைப் பசைக் கிண்ணத்தின் மேல் விரித்து, விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்தி மூடினார்.