எட்டு இல்லாத எண்

எனக்குப் பிடித்த எண் ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்பது. எழுதிப் பார்த்தால்தான் அதன் குறும்பு தெரியும்: 12345679. ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக வரும். எட்டு மட்டும் இருக்காது. ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வந்து நிற்கும். பதினெட்டால் பெருக்கினால் எல்லாம் இரண்டு. காணாமல் போன எட்டு வேண்டுமென்றால் எழுபத்திரண்டால் பெருக்க வேண்டும். வரிசை முழுக்க எட்டாகவே வரும்.

கல்யாணமான புதிதில் இதை என் மனைவிக்குக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்; அவள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். நாள் முழுக்கத் தமிழில் பேசுவாள், தமிழில் திட்டுவாள். எண்ணுவது மட்டும் பிரெஞ்சில். உலைக்கு அரிசி அளந்தாலும் "அன், தூ, த்ருவா"தான். அந்த மொழியில் எழுபத்திரண்டுக்குத் தனிப் பெயர் கிடையாது. அறுபது-பன்னிரண்டு என்பார்கள்.

"எழுபதுக்கே பேர் வைக்கத் தெரியல, உங்களுக்கெல்லாம் கணக்கு எதுக்கு?" என்று சீண்டினேன்.

அவள் தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி வைத்தாள். முதலில் அறுபதால் பெருக்கினாள்: 740740740. பிறகு பன்னிரண்டால்: 148148148. இரண்டையும் கூட்டினாள். ஒன்பது எட்டுகள்.

"இப்ப உங்க எழுபதையும் ரெண்டையும் போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டேன். 864197530, 24691358. கூட்டினால் விடை அதேதான், வழிதான் கரடுமுரடு. அவளுடையது அழகு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று எழுந்து போய்விட்டேன். ஒப்புக்கொள்வது என் ஜாதகத்திலேயே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்காகப் பாரீஸ் போனாள். பேரனை விட்டுவிட்டு வர முடியவில்லை. "நீங்களும் வந்துடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மருமகன் வீட்டில் போய் உட்கார மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு, முதலியார்பேட்டை வீட்டில் தனியாக இருக்கிறேன். இப்போது அரிசியை நான்தான் அளக்கிறேன். பக்கத்தில் அவள் குரல் எண்ணாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. இதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

போன வாரம் எனக்கு எழுபத்திரண்டு வயது முடிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் அந்தக் கணக்கைப் போட்டேன். முதலில் அறுபது, பிறகு பன்னிரண்டு. செல்போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"என்னங்க, அறுபதும் பன்னெண்டுமா போட்டிருக்கீங்க?"

"உன் வழிதான் அழகு. அன்னைக்கே தெரியும்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில், அவசரமாகக் கேட்டேன்.

"நான் அங்க வரட்டுமா?"

"உங்களுக்கு சுவெட்டர் வாங்கி வச்சு மூணு வருஷமாவுது" என்றாள்.