தவராசா சொன்ன ஒரு வசனம்

என் மனிசன் தவராசாவுக்கு நியூசிலாந்தில், ஒக்லாந்தில் ஒரு கோர்ட்டில் பதினொரு வருசமாக வேலை. ஜூரிகளை அறைக்குக் கூட்டிப்போவது, சாப்பாடு கொடுப்பது, வாசலில் காவல் நிற்பது. அவர்கள் யோசிக்கப் போகும்போது, "முடிவெடுத்துவிட்டீர்களா" என்பதைத் தவிர வழக்கைப் பற்றி வேறெதுவும் கதைக்கமாட்டேன் என்று சத்தியமும் செய்வார். வீட்டில் அந்தச் சத்தியம் இன்னும் பெரிது. நான் என்ன கேட்டாலும், "கோர்ட் விசயம் நான் கதைக்கிறேல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெருமையைப் பதினொரு வருசம் பொறுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரைக் கூட்டிவரப் போனேன். காரில் ஏறியதும் முதன்முறையாகத் தானே வாய் திறந்தார்.

ஹென்டர்சன் பக்கம் ஒரு டெயரியில், அதுதான் தெருமுனைச் சில்லறைக் கடையில், வேலை செய்த சிந்து என்ற பெண்ணின் வழக்காம். திருட வந்தவன் சுத்தியலால் அவள் மணிக்கட்டை உடைத்திருக்கிறான். அவன் முகத்துக்கு நேரே இரண்டு நாள் சாட்சி சொன்னாளாம். நடுவில் வாந்தியும் எடுத்தாளாம்.

அன்று ஜூரிகள் முடிவெடுக்க உட்கார்ந்தார்கள். அதில் பூங்கோதை என்ற தமிழ்ப்பெண் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. இவருக்கு மனம் உருகிவிட்டது.

"வெள்ளி விரதமே தங்கச்சி? கெதியா முடிச்சிட்டு வாங்கோ. விளக்கேத்துற நேரத்துக்கு வீட்ட போயிரலாம்."

தமிழில்தான் சொன்னார். மற்றப் பதினொரு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நிற்பவர் இவளிடம் ஏதோ சொன்னார், அதிலிருந்து இவள் அவசரப்படுகிறாள் என்று அவர்களில் ஒருவர் நீதிபதிக்குச் சீட்டு எழுதிவிட்டார். நீதிபதி கேட்க, இவரும் ஒளிக்காமல் சொல்ல, ஜூரியைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த வருசம் புது ஜூரியோடு எல்லாம் முதலிலிருந்து.

"விரதக்காரிக்கு ஒரு ஆறுதல் சொன்னது குற்றமோ?" என்றார்.

"வாயைப் பொத்திக்கொண்டு நிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்!" என்று கத்தினேன்.

அப்போது கோர்ட் வாசலில் நின்ற எங்கள் காரின் கண்ணாடியை ஒரு பெண் தட்டினாள். கோணலாய்ப் பொருந்திய மணிக்கட்டு. யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"சார், அவன் முன்னாடி நின்னு நான் திரும்பவும் எல்லாத்தையும் சொல்லணுமா?"

இவர் நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கோர்ட் விசயம் நான் கதைக்கிறேல்ல."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இப்போதுதான் சத்தியம் ஞாபகம் வந்ததா இந்த மனிசனுக்கு!

"ஓம் பிள்ளை, சொல்லத்தான் வேணும். இவராலதான்," என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "இறங்குங்கோ," என்றேன்.

அவர் ஒனிஹங்காவில் உள்ள எங்கள் வீட்டுக்கு ரெயிலில் வந்தார். சிந்துவை நான் ஹென்டர்சனில் கொண்டுபோய் விட்டேன்.