வளைவில் நிற்கும் எண்ணெய்

ஒரு வேலையைச் செம்மையாகச் செய்கிறவன் அதை யாருக்காகச் செய்கிறான்? கூலி கொடுப்பவனுக்காக என்று சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்களின் வாழ்க்கைக்கு அந்தப் பதில் போதும். இருளப்பனின் வாழ்க்கைக்கு அது போதவில்லை. வேறு எந்தப் பதில் பொருந்தும் என்பதும் தெளிவாகவில்லை.

மலாயாவில், சிடாம் கிரிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் லாரி மெக்கானிக். பேச்சு குறைவு. அவரை நல்லவர் என்று யாரும் குறிப்பாகச் சொன்னதில்லை, கெட்டவர் என்றும் சொன்னதில்லை. தோட்டத்துத் துரை, கூரையில்லாத, இருவர் மட்டுமே உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தபோது அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருளப்பனுக்கு வந்தது. தோட்டத்தின் ஓரத்தில் கூலிகளை விட்டுச் சமப்படுத்திய செம்மண் ஓட்டப்பாதை ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத் துரைமார் அங்கே பந்தயம் ஓட்டுவார்கள். அதன் வடக்கு முனையில் நீண்ட வலது வளைவு. துரையின் கார் இரண்டு முறை அந்த வளைவில்தான் என்ஜின் இறுகி நின்றது.

எண்ணெய் குறையவில்லை. அளந்து பார்த்தால் சரியாகவே இருந்தது. இருளப்பன் துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை மட்டும் பார்த்தபடி மிதமான வேகத்தில் ஐந்து சுற்று போனார். நேர்ப்பாதையில் முள் அசையாமல் நின்றது. வளைவுக்குள் நுழைந்ததும் சரிந்தது. என்ஜினுக்கு அடியிலுள்ள சட்டியில் சமமாகக் கிடக்கும் எண்ணெய், வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது. நடுவிலிருக்கும் பம்பின் வாய் வெறுங்காற்றை உறிஞ்சுகிறது. முழு வேகத்தில் சில நொடிகள் அப்படி ஓடினால் பேரிங் உருகி என்ஜின் இறுகிவிடும்.

அவருடைய மனைவி மருதம்மாள் பால்வெட்டுக்காரி. தோளில் காவடிபோல் காண்டாக் கம்பைப் போட்டு, இரண்டு வாளி ரப்பர் பாலுடன் மேட்டிலிருந்து இறங்குவாள். திருப்பத்தில் பால் அலம்பிச் சிந்தாமலிருக்க வாளிக்குள் இலைக்கொத்துகளைச் செருகி வைப்பாள். தினமும் பார்த்த காட்சிதான். அன்றுதான் அவர் நின்று பார்த்தார். பால் உறைய வைக்கும் தொட்டியில் இடையிடையே நிறுத்தும் அலுமினியத் தகடுகளில் உடைந்தவை பட்டறையில் கிடந்தன. அவற்றிலிருந்து நான்கு தகடு வெட்டி, பம்பின் வாயைச் சுற்றி ஓர் அறைபோல் நிறுத்தினார். ஒவ்வொரு தகட்டின் அடியிலும் உள்பக்கமாக மட்டுமே திறக்கும் சிறு கதவு. எண்ணெய் உள்ளே வரலாம், ஓடிப்போக முடியாது. அதன்பின் கார் வளைவில் நிற்கவில்லை. துரை, "குட்" என்றார்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்திறங்கியதும் துரை வேறொரு காரில் தெற்கே ஓடிவிட்டார். பங்களாவுக்கு மொரித்தா என்ற ஜப்பானியக் கேப்டன் வந்தான். பந்தயக் காரும் அவனுடையதாயிற்று. அவனுக்கும் அந்த வளைவு பிடித்திருந்தது.

ஓராண்டுக்குள் என்ஜின் எண்ணெய் தீர்ந்தது. தொழிலாளர் வீடுகளிருந்த லயத்துக்கு முன்னால் சனங்கள் மரவள்ளி போட்டிருந்த நிலத்தில் ஆமணக்கு நடச் சொல்லி உத்தரவு வந்தது. விளக்கெண்ணெய் சூட்டைத் தாங்கும். ஆனால் நாளடைவில் பிசினாகிவிடும். அதனால் பத்து நாளுக்கு ஒருமுறை சட்டியைக் கழற்றி, தகடுகளை வெளியே எடுத்துச் சுரண்டி, திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. கூட வேலை செய்தவன் மருதம்மாளின் ஒரே தம்பி காளிமுத்து. முப்பது வயதிலும் வாய் ஓயாதவன்.

"மனுசனுக்குப் பேதிக்கு இல்ல மாமா, காருக்குக் குடுக்கறோம். ஓடாம என்னா செய்யும்?" என்பான்.

சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியபோது அந்தக் கார்தான் அவர்களைக் காத்தது. இருவரும் தனக்கு வேண்டியவர்கள் என்று மொரித்தா ஒரு சீட்டு எழுதிக் தோட்டத்துக் கணக்கரான கிராணி தர்மலிங்கத்திடம் கொடுத்திருந்தான். கார் நின்றால் இருவரும் சயாமுக்குப் போகவேண்டும் என்றும் சொல்லியிருந்தான். மருதம்மாள் அந்தச் சீட்டை நம்பினாள். இருளப்பன் தகடுகளை நம்பினார்.

முதல் தொகுதியில் போன நாற்பது பேரில் அடுத்த வீட்டு இராசாத்தியின் கணவனும் ஒருவன். அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது அவள் கேட்டாள்:

"அண்ணே, அந்தக் காரு வயிறு ஆடாம இருக்க என்னமோ தகடு வச்சிருக்கீங்களாமே?"

"ஆமா."

"என் புள்ள வயித்துக்கும் ஒன்னு அடிச்சுக் குடுங்கலா. ராத்திரியெல்லாம் பசியில அலம்புது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இருளப்பன் தன் பங்கில் பாதியை அவள் முறத்தில் கொட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றும் இல்லை.

1943 மார்ச்சில் மொரித்தா ஒரு வாரம் அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தான். அந்த வாரத்தில் ஒரு காலை, ஆளெண்ணும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்றபோது இரண்டு லாரிகள் வந்தன. சயாமுக்குக் கொண்டுபோக வேண்டிய எண்ணிக்கையில் ஒருவன் குறைந்தான். கிராணி சீட்டை எடுத்து நீட்டினார். லாரியோடு வந்த சிப்பாய்க்கு அது யாருடைய கையெழுத்தென்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவன் காளிமுத்து.

"ரெண்டு வாரத்துல வந்துருவேன் மாமா. அதுவரைக்கும் பிசின நீங்களே சொரண்டுங்க," என்று லாரியிலிருந்து கத்தினான்.

அவன் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில், வாந்திபேதியில் போய்விட்டான் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான்.

அந்த வாரக் கடைசியில் மொரித்தா ஊர் திரும்பியதும் இருளப்பன் பங்களாவுக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கி, மைத்துனனைத் திருப்பி அழைக்கும்படி மலாய் மொழியில் கேட்டார். மொரித்தா தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை.

"ஓராங் பாஞ்ஞாக் அடா," என்றான். ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று பொருள், வேறொருவனை வைத்துக்கொள் என்பது குறிப்பு. பிறகு, சக்கரவர்த்தியின் பிறந்தநாளன்று இன்னொரு முகாம் அதிகாரியோடு பத்துச் சுற்றுப் பந்தயம் இருக்கிறது, கார் தயாராக இருக்கட்டும் என்றான்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் நண்பகல். எண்ணெய்ச் சட்டி கழற்றப்பட்டிருந்தது. நான்கு தகடுகளும் சாக்கின்மேல் கிடந்தன. மருதம்மாள் அவித்த மரவள்ளியைக் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை.

"அத மாட்டாதீங்க."

இருளப்பன் தகட்டிலிருந்த பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பிக்காகத்தான இம்புட்டும்னு சொன்னீங்க. இப்ப அவனும் இங்க இல்ல. யாருக்கு மாட்டுறீங்க?"

அவர் தகட்டைத் திருப்பி மறுபக்கத்தைச் சுரண்டினார்.

"நாளைக்கு நீங்க அதுல ஏறப் போறதில்ல. வெளக்கெண்ண கெட்டியாயிருச்சுன்னு சொன்னா அவனுக்கு என்னா தெரியும்? சட்டிக்குள்ள கைய விட்டா பாக்கப் போறான்?"

அவள் சொன்னது சரி. தகடில்லாத கார் மூன்றாவது சுற்றில், அந்த நீண்ட வளைவில், முழு வேகத்தில் இறுகும். பாதையின் வெளியோரத்தில் ஆழமான மழைநீர்க் கால்வாய் இருந்தது. எண்ணெய்மேல் பழிபோட்டுவிடலாம். அந்தத் தோட்டத்தில் அதைச் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். செய்தால் கேட்டுச் சந்தோஷப்பட நூறு குடும்பங்கள் இருந்தன.

அன்று அவர் செய்ததற்குக் காரணம் பயம் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். காளிமுத்து உயிரோடு இருக்கிறான், மொரித்தா அவனை இன்னும் திருப்பி அழைக்கக்கூடும் என்ற நினைப்பு என்றனர் சிலர். பழகிப்போன கை என்றும் ஒரு பேச்சு இருந்தது. எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார், எதையும் மறுக்கவில்லை. அதற்குப்பின் இருபத்தாறு ஆண்டு அவரோடு வாழ்ந்த மருதம்மாளுக்கும் அவர் காரணம் சொன்னதில்லை.

மூன்றாவது தகட்டின் கதவு லேசாக வளைந்து, சரியாக மூடாமலிருந்தது. இருளப்பன் அதைச் சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தினார். எண்ணெய் ஊற்றிப் பார்த்தார், கசிந்தது. மறுபடி தட்டினார். மருதம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கசிவு நின்றபின் நான்கு தகடுகளையும் அவற்றின் இடத்தில் நிறுத்தி, சட்டியை மாட்டி, எல்லாப் போல்ட்டுகளையும் முடுக்கி, அதிர்வில் தளராதபடி ஒவ்வொன்றின் தலையிலும் கம்பி கட்டினார்.