வகிட்டோரத்து இரட்டை நரை

கடைவீதியில் அவளுக்கு டச்சக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோவில் படம் எடுப்பது கணவர். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பருவை மறைத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைத் துடைத்து, சட்டைக் காலரை நிமிர்த்தி 'டச்சப்' செய்வது அவள் வேலை.

ஆனால் ஜனங்கள் அதிகம் கேட்பது முடியைத்தான். வேலைக்கு மனுப் போட வரும் இளைஞன் நெற்றியின் இரண்டு மூலையையும் தடவிக்கொண்டே, "அக்கா, இங்க மட்டும் கொஞ்சம்..." என்று இழுப்பான். பாவம், முழுசாகச் சொல்ல விடமாட்டாள். பக்கத்தில் இருக்கும் முடியை நகலெடுத்து, வெறுமையான இடத்தில் ஒட்டி, ஓரத்தை லேசாகக் கலைத்துவிட்டால் தீர்ந்தது. ஊரார் தலையெல்லாம் அவள் கைவண்ணத்தில் செழித்துக் கிடக்க, அவளுடைய வகிடு மட்டும் ஒற்றையடிப் பாதையிலிருந்து வண்டிப் பாதையாகிக்கொண்டிருந்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. வெங்காயச் சாறு தேய்த்த வாரத்தில் படமெடுக்க வந்தவர்கள் எல்லாம் கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், மயிரைக் கட்டி மலையை இழுப்போம், வந்தால் மலை, போனால் மயிர் என்று தோல் டாக்டரிடம் போனாள். இவள் விஷயத்தில் போனால் மயிர் என்பதுதான் சிக்கலே!

டாக்டரம்மா முதலில் ரத்தத்தைப் பார்க்கச் சொன்னார். இரும்புச் சத்து சரியாக இருந்தது, தைராய்டும் சரி. பிறகு வகிட்டைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கடுமையான காய்ச்சல், பிரசவம், இதுக்கெல்லாம் அப்புறம் கொத்துக் கொத்தாக் கொட்டும். அது பெரும்பாலும் தானாத் திரும்பி வந்துடும். உங்களுது அது இல்லம்மா. முடி கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சுகிட்டே வருது. பெண்களுக்கு வகிடு அகலும், ஆண்களுக்கு நெத்தி மூலையும் உச்சியும் போகும். சீக்கிரம் ஆரம்பிச்சா நிறைய காப்பாத்தலாம்."

'உச்சியும் போகும்' என்றபோது, கூட வந்திருந்த கணவர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூரைக்குக் கீழேயே வேலை செய்யும் அந்த மனுஷன் கேட்பவர்களிடம் எல்லாம் வெயிலுக்காகத் தொப்பி போடுவதாகச் சொல்லுவார்.

தினமும் தலையில் தடவ ஒரு மருந்து கொடுத்தார் டாக்டர். முதலில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்திவிடக் கூடாது, ஆறு மாதமாவது ஆகும் என்றார். "கண்ணாடியை நம்பாதீங்க. இன்னிக்கு ஒரு படம், ஆறு மாசம் கழிச்சு ஒரு படம். அதே வெளிச்சம், அதே தூரம். ஸ்டுடியோ வச்சிருக்கீங்க, உங்களுக்குச் சொல்லணுமா?"

அன்றைக்கே கணவர் தரையில் டேப் ஒட்டி ஸ்டூலுக்கு இடம் குறித்தார். அவள் தலையைக் குனிந்தாள், அவர் படம் எடுத்தார். அதைத் திரும்பிப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. டாக்டர் சொன்னபடியே முதல் மாதங்களில் சீப்பு நிறையக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு தடவினாள்.

இதோ, ஆறு மாதம் முடிந்த காலை. கடைக் கதவு இன்னும் திறக்கவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சொல்லிட்டேன், இன்னிக்கு மாத்தம் தெரியலன்னா மருந்தும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு நிம்மதியா இருந்துடுவேன்."

"முதல்ல ஆடாம உக்காரும்மா," என்றார் கணவர்.

அதே டேப், அதே ஸ்டூல், அதே விளக்கு. படத்தை ஏற்றி, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பழையதில் வகிடு பென்சில் கோடு மாதிரி ஒல்லியாக இருந்தது. புதியதில் அதைவிட அகலம்!

இத்தனை நாள் காத்திருந்தது, கொட்டியதைச் சகித்தது, யாருக்கும் தெரியாமல் அழுதது எல்லாம் இதற்குத்தானா? மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடையை நோக்கி நடந்தாள்.

"இரும்மா, டாக்டரைக் கேட்டுட்டு..."

"கேட்டுக் கிழிச்சது போதும்!"

போகிற போக்கில் திரையை ஒரு முறை முறைத்தாள். முறைத்தவள் அப்படியே நின்றாள். பழைய படத்தில், வகிட்டோரத்தில் ஒரு நரைமுடி. கொக்கி போல வளைந்து, நுனி பிளந்து இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு நரை. அதே கொக்கி, அதே பிளந்த நுனி.

கடவுள்கூட ஒரே முடியை இரண்டு தடவை படைக்கமாட்டார். அதைச் செய்கிறவர்கள் டச்சப்காரர்கள் மட்டும்தான்.

"யாருங்க இதுல கை வச்சது?"

"சத்தியமா நான் இல்ல! எனக்கு இதை ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும்தான் தெரியும்."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரம் இடப்பக்கமாகக் கலைக்கப்பட்டிருந்தது. அப்படிக் கலைப்பது யார் பழக்கம்? பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஆறு மாதம் முன்பு, படமெடுத்த அன்றைக்கு, மற்றவர்கள் படங்களோடு இதுவும் டச்சப் வரிசையில் இருந்தது. அவள் தங்கையோடு போனில் இருந்தாள். "முடியெல்லாம் போச்சுடி" என்று வாய் புலம்பிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு அந்தப் போன முடியை நிரப்பி, சேமித்தும் விட்டிருக்கிறது! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போல ஆயிற்று.

"என்னங்க, அந்த டப்பா! அந்த பிஸ்கெட் டப்பா எங்க?"

கேமரா கார்டு எதையும் அழிக்க மனசு வராதவர் கணவர். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டுவைப்பார். குப்பை சேர்க்கிறீர்கள் என்று அவள் திட்டாத நாள் கிடையாது. இப்போது அந்த டப்பாவை மேசையில் கவிழ்த்து, இரண்டு பேரும் கார்டு கார்டாகச் செருகினார்கள். யார் யாரோ கல்யாணம், யார் வீட்டுக் குழந்தையோ, ஒரு நாய். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"பத்து நிமிஷம் கழிச்சு வாங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"இந்தா, டேப் தெரியுது பாரு! இதுதான்!"

கைபடாத படம் திரையில் விரிந்தது. நெற்றியிலிருந்து உச்சி வரை அகலமாக, வெளுப்பாக, வண்டிப் பாதை. பக்கத்தில் இன்றைய படம். அந்தப் பாதையில் பாதிதான் மிச்சம்! இரண்டு ஓரத்திலும் குட்டி குட்டியாகக் கருகருவென்று முடி. கைபடாத பழைய படத்தில் கொக்கி நரையும் அங்கேயே இருந்தது, ஒற்றையாக.

"வந்துடுச்சுங்க! இது நான் ஒட்டினது இல்ல, நிஜமா வந்தது!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குப்பைக்குப் போகவிருந்த பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கணவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு, டேப்புக்கு நடுவில் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"சீக்கிரம் ஆரம்பிச்சா காப்பாத்தலாம்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? நாளைக்கு நானும் வர்றேன். எடு."

அவள் எடுத்தாள். படத்தை ஏற்றினாள். உச்சியில் சின்னத் தட்டு அளவுக்கு வழுக்கை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்க்க அவர் விட்டதே இல்லை. அவள் வலது கை தானாக மவுஸை நோக்கி நகர்ந்தது.

அவர் அந்தக் கையைப் பிடித்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.