நான் வெட்டியெறிந்த முதல் ஐந்து நிமிடங்கள்

போர் முடிந்து ஏழெட்டு வருடங்கள் ஆகியிருக்கும். நான் அப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு புத்தளம் பக்கம், மாம்புரிக்கு அருகே, கடற்கரையோடு. போர்க்காலத்தில் மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு முதுகு முடியாமல் போனதிலிருந்து தம்பிதான் கடலுக்குப் போனான். சொந்தப் படகு இல்லை. ஒரு சம்மாட்டியின் படகில் கூலிக்குப் போய்வந்தான்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். ஒரு இணையத்தளத்தைப் பாவனைக்கு விடுவதற்கு முன், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து மொய்த்தால் அது தாங்குமா என்று சோதிப்பது என் பொறுப்பு. மொய்ப்பது மனிதர்கள் இல்லை. கணினியே மனிதர்போல நடித்துத் தளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் வர எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்வோம். ஒருமுறை சோதித்து வந்த சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கும் ஒரு வழி இருக்கிறது. கிடைத்த முடிவுகளை எல்லாம் ஒரு சாக்கில் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி அள்ள வேண்டும், சராசரி பார்க்க வேண்டும், திரும்பக் கொட்டிக் கலக்கி மறுபடியும் அள்ள வேண்டும். இப்படி ஆயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே சராசரி வந்தால் தைரியமாக அறிக்கை எழுதலாம். மறுமாதிரி எடுத்தல் என்று இதற்குப் பெயர். எங்கள் அலுவலகத்தில் இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

வெளிநாட்டு மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் ஒரு திட்டம் வந்தது. அதற்கான பதிவுத் தளத்தை எங்கள் நிறுவனம் செய்தது. காலை ஒன்பது மணிக்குத் தளம் திறக்கும், முந்திப் பதிகிறவர்களுக்கே இடம். இணையத்தில் பதிய முடியாதவர்கள் புத்தளம் டவுனில் நேரில் போய் விண்ணப்பம் கொடுக்கலாம், அதற்கென்று சில இடங்களைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். இரண்டில் ஒரு வழியில்தான் பதியலாம். வயது எல்லை முப்பது. தம்பிக்கு அந்த வருடம்தான் கடைசி.

சோதனையை நான்தான் செய்தேன். முதல் ஐந்து நிமிடமும் தளம் திக்குமுக்காடியது. அரை நிமிடம் கழித்துப் பதில், சிலவற்றுக்குப் பதிலே இல்லை. பிறகு மெல்ல மெல்லச் சீராகி ஓடத் தொடங்கியது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் வரும் முடிவுகளை, இயந்திரம் சூடேறுகிற நேரம் என்று சொல்லி வெட்டிவிடுவோம். கவனிக்காமல் வெட்டினேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். மிச்சத்தைச் சாக்கில் போட்டு ஆயிரம் தடவை அள்ளினேன். ஆயிரம் தடவையும் சராசரி இரண்டு வினாடிக்குள் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? சாக்கில் போடாத மீன் எத்தனை தடவை அள்ளினாலும் கைக்கு வராது. இவ்வளவு சின்ன விஷயம் படித்த மண்டைக்கு அன்றைக்கு ஏறவில்லை.

பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தம்பி போன் எடுத்தான். கூட்டாளி ஒருவனோடு விடிய முதல் பஸ்ஸில் புத்தளம் போய் வரிசையில் நிற்கப்போவதாகச் சொன்னான்.

"ஏன்டா போய் வெயிலுக்க காயிறாய்? வீட்டில இருந்தே பதியலாம். நான்தானே சோதிச்சது."

"நிச்சயமாத் திறக்குமா அக்கா?"

"ரெண்டு செக்கனில திறக்கும். நானும் லீவு எடுத்துக்கொண்டு வாறன், ரெண்டு பேருமாப் பதிவம்."

கூட்டாளி மட்டும் பஸ் ஏறினான்.

அன்று காலை தம்பி முகம் வழித்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தான். பதியும்போது படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஒன்பது மணிக்கு நான் கணினியில் தட்டினேன். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"அக்கா, சுத்துது."

"பொறு, வரும்."

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. நாடு முழுவதும் எத்தனை தம்பிமார் அந்த நேரம் சேர்ட் போட்டுக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்த்திருந்தார்களோ தெரியாது. நான்காவது நிமிடத்தில் பிழைச் செய்தி வந்தது. மறுபடி தட்டினேன். அந்த வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தையும் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்குத் தளம் திறந்தது. கண்மூடித் திறப்பதற்குள், வெகு சுத்தமாக. இடங்கள் நிரம்பிவிட்டன என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூட்டாளி புத்தளத்திலிருந்து போன் எடுத்தான். "மச்சான், நான் குடுத்திட்டன். இஞ்ச எல்லாம் முடிஞ்சுது. நீ பதிஞ்சிட்டியா?" தம்பி "இல்லையடா" என்று மட்டும் சொன்னான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பத்திரங்களைத் திரும்ப உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தான், சேர்ட்டைக் கழற்றி மடித்தான், கடற்கரையில் மீனவர் கொட்டிலான வாடிக்கு வலை தைக்கப் போய்விட்டான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கூட்டம். அன்றைய நாள் முழுவதற்குமான சராசரியை எடுத்து என் அறிக்கையோடு ஒப்பிட்டுத் திரையில் போட்டார்கள். நான் சொன்ன எல்லைக்குள் அச்சொட்டாக விழுந்திருந்தது. விழாமல் என்ன, இடமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் தளத்துக்கு நாள் முழுக்க வேறு என்ன வேலை? மேலாளர் எழுந்து என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள். முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தேன். தொடக்க நேரம் கணக்கில் இல்லை என்று அறிக்கையிலேயே எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று, இனி அந்தக் கதை எதற்கு என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் நிலையான வருமானம் என் சம்பளம் ஒன்றுதான். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை, அதற்கு மேல் பூசி மெழுக விருப்பமில்லை.

தளம் திறக்கவில்லை என்று தம்பி ஆள் எடுத்தவர்களுக்கு முறைப்பாடு எழுதிப் போட்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது அதற்கு வந்த பதில் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது.

"இதில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். நடுவில் ஒரு வசனத்தில் கண் நின்றுவிட்டது. 'சராசரிப் பதில் நேரம் இரண்டு வினாடிக்குள் இருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம்.' ஒரு சொல்கூட மாற்றாமல் என் அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"தளம் சரியாத்தான் வேலை செய்ததாம். சோதிச்சுப் பாத்தாச்சாம்."

"ஆர் சோதிச்சதாம்?"

அவனுக்குத் தெரியாதா என்ன. நான் சொல்ல வேண்டும் என்று கேட்டான்.

"நான்தான்டா" என்றேன்.

"அப்ப சரி" என்று கடிதத்தை வாங்கி நாலாக மடித்து அந்தப் பொலித்தீன் உறைக்குள் வைத்தான்.

அந்தக் கூட்டாளி இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. தம்பி இன்னும் அதே சம்மாட்டியின் படகில்தான் போகிறான். என்னோடு கதைப்பான், சிரிப்பான், கொழும்புக்குக் கருவாடு கட்டிக் கொடுத்துவிடுவான். ஆனால் எதையும் என்னிடம் நிச்சயமா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டான். வேலையில் இப்போது எந்தச் சோதனையிலும் முதல் ஐந்து நிமிடத்தை நான் வெட்டுவதில்லை. அதற்காகச் சண்டை பிடித்து ஒரு வேலையை விட்டும் வந்தாயிற்று. அதனால் தம்பிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நான் வேண்டாமென்று வெட்டியெறிந்த அந்த ஐந்து நிமிடம்தான் அவனுக்கென்று இருந்த முழு நேரமும் என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் யார் என் வேலையைப் பாராட்டினாலும் முகம் கொடுக்க முடிவதில்லை.