கோபித்துக்கொண்ட பூனையை யார் தேர்ந்தெடுத்தது

துபாய் தெய்ராவில் பரிசுப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஹஸ்னைனுக்கு வாய் பெரிது, கண் கிடையாது. கடைக்குக் கண்ணாக இருந்தது அவன் அக்கா புருஷன் முகம்மது ரிபாய்தான். இது ரிபாயின் கட்சி. ஹஸ்னைனின் கட்சி வேறு. அலமாரி துடைக்கவும் அட்டைப்பெட்டி பிரிக்கவும் ஒரு ஆள் வேண்டும், அக்கா முகத்துக்காக அந்த ஆள் ரிபாயாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவன் எண்ணம். இரண்டு பேரும் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே கடையில் நின்று, வெள்ளிக்கிழமை ஒரே சஹன் தட்டில் சோறு தின்று, ஒருவனையொருவன் மனதாரச் சபித்துக்கொண்டிருந்தார்கள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் துணிமணியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். ரிபாய் போய்ச் சேர்ந்த வீடு அவன் மனைவி பத்ருன்னிசாவின் பெயரில் இருந்தது. அதற்கு மாடி எடுத்துக் கட்டியவன் அவள் தம்பி ஹஸ்னைன். லீவில் ஊருக்குப் போனால் ரிபாய் படுப்பது மச்சினன் போட்ட தளத்துக்குக் கீழே, துபாயில் இருப்பது மச்சினன் எடுத்த விசாவில். வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதானே என்று ரூமில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்வார்கள். மச்சினனோடு முறித்துக்கொண்டு எந்த முகத்தோடு பெண்டாட்டி வீட்டுப் படி ஏறுவது என்று அவர்கள் யோசித்ததில்லை.

ஹஸ்னைன் ரிபாயைவிட ஏழு வயது இளையவன். வீட்டில் வாய் நிறைய மச்சான் என்பான். கடையில் நாலு பேர் இருந்தால் மட்டும் மச்சான் போய் 'ரிபாய் பாய்' வந்துவிடும். அந்த 'பாய்' ஒவ்வொரு தடவையும் ரிபாயின் காதில் முள்ளாகக் குத்தியது.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாமல் போனது பூனை விஷயம்.

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பூனை. முகமே கிடையாது. மடங்கிய ஒரு காது, தடித்த முதுகு, சுருட்டி வைத்த வால், அவ்வளவுதான். முதுகில் தட்டினால் உள்ளே விளக்கு எரியும். யாரோ ஒரு ஜப்பான்காரி கையால் செய்து இன்டர்நெட்டில் போட்டிருந்ததை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் பார்த்தவன் ரிபாய். பார்த்த மாத்திரத்தில் அவன் நெஞ்சு ஒரு தரம் குதித்தது. கோபித்துக்கொண்ட பிள்ளையைச் சமாதானப்படுத்த முதுகைத் தட்டாத தாய் உலகத்தில் உண்டா? ஒன்றே ஒன்றை விலைக்கு வாங்கி வரவழைத்தான். சீனாவில் கடைக்குச் சரக்கு செய்து தரும் ஃபேக்டரிக்கு அதை அனுப்பினான். அடுத்த நோன்புக்குள் கன்டெய்னர் வந்து இறங்கியது.

அரபிப் பெண்கள் அதற்கு 'ஸஃலான்' என்று பெயர் வைத்தார்கள். கோபமாக இருப்பவன் என்று அர்த்தம். ஸஃலான் இருக்கிறதா, ஸஃலான் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். ஷார்ஜாவில் இரண்டாவது கடை திறந்தது அந்தப் பூனையின் முதுகில் ஏறித்தான். திறப்பு விழா விருந்தில் வந்தவர்களிடமெல்லாம் ஹஸ்னைன், "பாத்த ஒடனே எனக்குப் பட்டுச்சு, இது ஓடும்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ரிபாய் ஜூஸ் தட்டை ஏந்திக்கொண்டு நின்றான். தட்டை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் என்று கை துடித்தது. கவிழ்க்கவில்லை. ஜூஸ் எடுங்க, ஜூஸ் எடுங்க என்று உபசரித்தான்.

அன்று முதல் அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பூனையைக் கண்டுபிடித்தது முகம்மது ரிபாய் என்று நாலு பேர் முன்னால் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கக்கூட அவனுக்கு அந்த வேகம் வந்ததில்லை.

வருஷங்கள் போயின. தெய்ராவில் எல்லாக் கடைக்காரனும் இன்டர்நெட்டைப் பார்த்துக் காப்பியடிக்கக் கற்றுக்கொண்டான். ஒரே பொருள் பத்துக் கடையில் தொங்கியது. ஒரு நாள் ஹஸ்னைன், "நெட்ல உள்ளத எல்லாவனும் அடிச்சிட்டான். நெட்ல இல்லாததாப் புடிக்கணும்" என்றான். டோக்கியோவில் பெரிய ஓவியக் கண்காட்சி ஒன்று நடக்கிறதாம். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாதாம். தனி ஆட்கள் தங்கள் கையால் வரைந்ததையும் செய்ததையும் மேசை போட்டு விற்பார்களாம். பாதிப் பேர் வேறெங்கும் விற்பதே இல்லையாம். ரிபாய் போய் நல்ல சாம்பிளாக எடுத்து வர வேண்டும். சரக்கு ஓடினால் ஷார்ஜா கடையை ரிபாயே பார்த்துக்கொள்ளலாம், பெயர்ப் பலகையிலும் அவன் பெயர் வரும். ஓடாவிட்டால் விசாவைப் புதுப்பிக்கும்போது பேசிக்கொள்வோம் என்று ஹஸ்னைன் சிரித்தான். கூடவே புது விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தான். ஒரு பக்கம் கடையின் பெயரும் இன்ஸ்டாகிராம் முகவரியும். மறுபக்கம் முகம்மது ரிபாய், பர்ச்சேஸ் மேனேஜர்.

ரிபாய் தன் பெயரை அச்சில் பார்த்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. விமானத்தில் அதை நாலைந்து தரம் எடுத்துப் பார்த்தான்.

கடலோரத்து மண்டபம் அது. உள்ளே நுழைந்ததும் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சின்னச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள், வாடிக்கையாளரைக் கூப்பிடாமல், விலையைக் கூவாமல், தலையைக் குனிந்துகொண்டு. இப்படி உட்கார்ந்திருந்தால் தெய்ராவில் வாடகைகூடக் கட்ட முடியாது, வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று மனதுக்குள் திட்டினான்.

ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. கோட்டு சூட்டு போட்ட ஒருவன் தீப்பெட்டிகளின் மேல் மின்கம்பங்களை மட்டுமே வரைந்து வைத்திருந்தான். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒரு கிழவி மீன் வடிவத்தில் பை தைத்திருந்தாள். வயிற்று ஜிப்பைத் திறந்தால் உள்ளே குடலும் முட்டையும் பட்டுத் துணியில் பளபளத்தன. கடித்து வைத்த ரொட்டித் துண்டுகளை மட்டும் களிமண்ணில் செய்து சட்டையில் குத்திக்கொள்ளும்படி விற்றாள் ஒரு பெண். ஒவ்வொன்றின் முன்னாலும் ரிபாயின் நெஞ்சு அந்தப் பழைய குதி குதித்தது. இந்த ஆட்களை உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது, நான் கண்டுபிடித்தேன் என்று கர்வம் தலைக்கேறியது. கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அது அவன் சந்தோஷத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

அவன் வேலை செய்யும் முறையே தனி. பேரம் பேச மாட்டான். ஒன்றே ஒன்று வாங்குவான், சொன்ன விலையைக் கொடுப்பான், மிகவும் அழகாக இருக்கிறது என்று சொல்வான். அறைக்குப் போய் பக்கத்தில் அளவுகோலை வைத்து நாலு பக்கமும் படமெடுத்துச் சீனாவுக்கு வாட்ஸப்பில் அனுப்புவான். செய்தவர் கடையைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருவதற்குள் அங்கே அச்சு தயாராகத் தொடங்கியிருக்கும்.

முதல் நாள் எல்லாம் அப்படியே நடந்தது, ஒன்றைத் தவிர. பொருளை வாங்கும்போதெல்லாம் அவர்கள் எழுந்து நின்று, குனிந்து, இரண்டு கையாலும் தங்கள் கார்டை நீட்டினார்கள். கார்டு வாங்கினால் கார்டு கொடுக்க வேண்டும். வளைகுடாவில் வியாபாரம் பழகிய எவனுக்கும் கை தானாகப் போகும். பத்து வருஷமாகக் கார்டு இல்லாமல் இருந்தவன் கையோ இன்னும் வேகமாகப் போனது. எழுந்து நின்றவர்களுக்கு எதிரே ரிபாயும் குனிந்து, இரண்டு கையாலும் தன் கார்டை நீட்டினான். வாங்காத மேசைகளிலும் நீட்டினான். அவர்கள் அதை ஓரம்கூட மடங்காமல் பிடித்து, அவன் பெயரை வாய்விட்டுப் படித்தார்கள். "ரிபாய்-சான்" என்றார்கள். திருட வந்த இடத்தில் வீட்டுக்காரனிடமே நம் விலாசத்தை எழுதிக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அவன் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தான்.

மறுநாள் காலை மண்டபத்துக்குள் போனவன் நேராக மீன் பைக் கிழவியிடம் நடந்தான். அவள் அவனைப் பார்த்ததும் எழுந்தாள், குனிந்தாள், ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மேசையை மூடினாள். மூடிவிட்டு இன்னொரு தரம் குனிந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்து அவன் அடுத்த வரிசைக்குப் போனான். மின்கம்பக்காரன் எழுந்தான், குனிந்தான், துணியைப் போட்டான். ரொட்டிக்காரி ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிழல் விழுந்ததும் அவள் கையும் துணிக்குப் போனது.

அப்புறம் அவன் போகிற வழியெல்லாம் அதுவே நடந்தது. அவன் ஒரு வரிசைக்குள் கால் வைத்தால் மேசைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போயின. அவன் கடந்து போனதும் பின்னால் துணிகள் விலகும் சத்தம் கேட்டது. யாரும் திட்டவில்லை, வெளியே போ என்று கை காட்டவில்லை. தெய்ராவில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால் அவனும் நாலு வார்த்தை கேட்டிருப்பான். இந்த மரியாதையை என்ன செய்வது? ஹஸ்னைனை வைதான், சீனாக்காரனை வைதான், குனிந்து குனிந்து மூடும் இந்தச் சனங்களையும் வைதான்.

கடைசி வரிசையின் மூலையில் ஒரே ஒரு மேசை மூடாமல் இருந்தது. அதில் பொருளும் அதிகம் இல்லை. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண் அவனை நேராகப் பார்த்தாள். அவள் முன்னால் ஒரு பூனை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவன் நேற்று யாருக்கோ கொடுத்த கார்டு, அவள் ஃபோன். திரையில் ஹஸ்னைன் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம், ஷார்ஜா கடையின் கண்ணாடி அலமாரி, அதில் வரிசை வரிசையாக அதே முதுகுகள்.

அவள் ஃபோனில் மொழிப் பட்டியலை நீட்ட, அவன் தமிழைத் தொட்டான். அவள் அதை வாயருகே வைத்து மெதுவாகப் பேசினாள். ஃபோன் அதைத் தமிழாக்கிப் பேசியது. செய்தி வாசிப்பவளின் குரல்.

"இதைத் தேர்ந்தெடுத்தவர் யார்?"

ரிபாய் அந்தக் கேள்விக்காக எட்டு வருஷம் காத்திருந்தான். விருந்தில் யாரும் கேட்கவில்லை, கடையில் கேட்கவில்லை, வீட்டில் பத்ருன்னிசாகூடக் கேட்கவில்லை. ஒருத்தி கேட்டுவிட்டாள், அதுவும் மரியாதையாக, அதுவும் தமிழில். யோசிக்கும் முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"நான்தான். ஹஸ்னைன் இல்ல. நான்தான் பாத்தேன்."

ஃபோன் அதை அவளுக்குச் சொன்னது. அவள் தலையசைத்தாள். மறுபடியும் ஃபோனில் பேசினாள். தட்டினால் திரும்பிவிடும் என்று எல்லோரும் நம்ப வேண்டும், அதற்காகவே முகம் செய்யவில்லை என்றாள். அதைப் புரிந்துகொள்கிற ஒருவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று காப்பியைப் பார்த்த முதல் நாளிலிருந்தே நினைத்தாளாம். முட்டாள் ஒருவன் எடுத்திருந்தால் முகம் வைத்திருப்பான், அது விற்றிருக்காது, அவளும் செய்வதை நிறுத்தியிருக்க மாட்டாள். இப்போது டோக்கியோவிலேயே இவர்கள் செய்த காப்பிதான் கிடைக்கிறது, அவளுடையதைத்தான் போலி என்கிறார்கள்.

"உங்கள் கண் மிகவும் நல்ல கண்" என்றது ஃபோன்.

பிறகு அவளும் எழுந்து, குனிந்து, துணியால் மூடினாள்.

ரிபாய் மண்டபத்துக்கு வெளியே வந்து சுவரோரமாக நின்றான். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது தனக்கு வந்தது வெட்கமா சந்தோஷமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இரண்டும் வந்தது என்பதுதான் உண்மை. அதை நினைக்க நினைக்கத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஃபோன் அடித்தது. ஹஸ்னைன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஜப்பான்காரர்கள் கூட்டமாக வந்து, அசலையும் காப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுகிறார்களாம். அரபிக் கஸ்டமர்கள் பார்த்துவிட்டார்களாம். கடைக்கு ஸ்பான்சராக இருக்கும் அரபி கூப்பிட்டு என்னவென்று கேட்டாராம்.

"கார்டக் கண்ட கண்டவனுக்கும் குடுக்கச் சொன்னது யாரு மச்சான்?"

"நீதானே அடிச்சுத் தந்தே."

"அடிச்சுத் தந்தா ஊருக்கே வெளம்புவியளா? கலாஸ், முடிஞ்சுது. இனி நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பது ஹோட்டலுக்குத் திரும்பும் ரயிலில் தெரிந்தது. அதற்குள் தெய்ராவிலிருந்து இரண்டு பேர் அதை அவன் ஃபோனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து பத்ருன்னிசாவும் அனுப்பியிருந்தாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். கடையின் இன்ஸ்டாகிராமில் ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒரு அறிவிப்பு. மேலே பூனையின் படம். இந்தப் பொருளையும் இதுபோன்ற மற்றவற்றையும் கண்டுபிடித்து, தேர்ந்தெடுத்து, கொண்டுவந்தவர் எங்கள் முன்னாள் ஊழியர் முகம்மது ரிபாய். இதில் அவரைத் தவிர வேறு யாருக்கும் எந்தப் பங்கும் இல்லை.

அடியில் ஹஸ்னைனின் கையெழுத்து. அதற்குள் ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள்.