பலகையில் எழுதியவன்

சமையலறையில் பாத்திரம் 'ணங்'கென்று விழுந்தது. விழவில்லை, வைக்கப்பட்டது என்பது சைலஸுக்குத் தெரியும். 'கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்களேன்' என்று மனைவி லூயிசா சொல்லும் விதம் அது.

எதிரே சௌந்தரராஜன் பேனாவை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் தங்கச் சுரங்கத்தில் சைலஸுக்கு ஷிப்ட் பாஸ். இன்று, ஊருக்குப் பக்கத்தில் பாலகாட்டில் வரவிருக்கும் எரிவாயு மின்நிலையத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்.

"இன்னா சைலஸ், ஒரு கையெழுத்துக்கா இவ்ளோ யோசனை?"

எரிவாயு மின்நிலையங்களையும் சூரிய ஒளி, காற்றாலையோடு சேர்த்து 'தூய ஆற்றல்' என்று அறிவிக்க ஒரு மசோதா வந்திருந்தது. அது நிறைவேறினால்தான் கம்பெனிக்குச் சலுகை, சலுகை கிடைத்தால்தான் மின்நிலையம். பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது, ஊரிகத்தின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து எதிர்ப்பு மனு எழுதியவர் எழுபத்தொரு வயது சைலஸ். இருபத்தாறு வருடம் நிலத்தடியில் காற்றைச் சோதித்த மனிதர் சொல்கிறாரே என்று நாற்பது பேர் அதில் கையெழுத்திட்டார்கள். மேசையில் இருந்த காகிதமோ, 'இது தூய ஆற்றல்தான், மனுவைத் திரும்பப் பெறுகிறேன்' என்றது. அவர் பின்வாங்கினால் அந்த நாற்பது பேரும் பின்வாங்குவார்கள்.

பதிலுக்கு மகன் டென்சிலுக்கு மின்நிலையத்தில் வேலை. பத்து வருடமாக இருட்டோடு ரயிலேறி பெங்களூர் போய் வருகிறவன். பெற்ற மகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழித்திருக்கப் பார்ப்பவன்.

"கரி இல்ல, சாம்பல் இல்ல, புகைகூடக் கண்ணுக்குத் தெரியாது. இதுல இன்னா அழுக்கைக் கண்டே?"

"கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கறதுதாண்ணே என் வேலையே."

லூயிசா கரண்டியோடு வந்து நின்றாள். "ஊரைக் காப்பாத்துறாராம் ஊரை! பெத்த புள்ளைய ரயில்ல தொங்க விட்டுட்டு."

சைலஸின் தலை குனிந்தது. முப்பத்தேழு வருடம் அவளிடம் சொல்லாததைச் சொல்ல வாயைத் திறந்தார்.

நிலத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. வெடி வைத்த பிறகு காற்றைச் சோதித்து, நுழைவில் தொங்கும் பலகையில் 'சுத்தம்' என்று சாக்பீஸால் எழுதுபவன்தான் முதலில் உள்ளே போக வேண்டும். தன் மூச்சையே சாட்சியாக வைத்து எழுத வேண்டிய வார்த்தை அது.

"அன்னிக்கும் இப்படித்தாண்ணே சாக்பீஸை நீட்டினீங்க. 'மேலே கத்தறாங்க, எழுதுடா'ன்னீங்க. காத்து தேறலன்னு தெரிஞ்சே எழுதுனேன். ஆனா உள்ளே போகல."

"பழசெல்லாம் இப்ப இன்னாத்துக்கு சைலஸ்?"

"நான் தயங்கினதைப் பாத்து, 'இன்னா மாமா, பயமா? நகரு, நான் போறேன்'னு சிரிச்சிக்கிட்டே போனான் எட்மண்ட்."

கரண்டி தரையில் விழுந்தது. இந்த முறை நிஜமாகவே விழுந்தது.

எட்மண்ட், லூயிசாவின் ஒரே தம்பி. அன்று மேலே வந்து, டீ குடித்து, கர்ப்பிணி அக்காவிடம் "பையன் பொறந்தா டென்சில்னு வை" என்று வம்பு பண்ணிவிட்டுப் படுத்தவன், விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போனான். அவனுக்கு நெஞ்சு பலவீனம் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் சைலஸும் ஒருவர்.

"அந்த வெடிப்புகையில இருந்த அதே நைட்ரஜன் டை ஆக்சைடுதான் நீங்க கட்டப்போற சிம்னியிலயும் வரும்ணே. சுத்தம்னு எழுதறவங்க அது அடியில குடி வருவாங்களா? வரமாட்டாங்க. நானே போகலியே! இன்னொரு தடவை அந்த வார்த்தையை என் கை எழுதாது."

லூயிசா மேசையிலிருந்த காகிதத்தை எடுத்துச் சௌந்தரராஜனின் கையில் திணித்தாள்.

"எழுந்திருங்க."

"உன் புள்ள வேலைம்மா..."

"அவன் ரயில்லயே போவான். அவனுக்குப் பேர் வெச்சவனைக் கொன்ன கையால அவனுக்கு வேலை வேணாம். போங்க."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினார். திறந்த கதவைப் பிடித்தபடியே அவள் கேட்டாள்:

"நீங்களும் போறீங்களா?"

சைலஸ் நாற்காலியை விட்டு அசையவில்லை. போவதற்கு அவருக்கு வேறு இடமும் இல்லை. தெருவில் செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே லூயிசா கதவைச் சாத்தினாள்.